சர்க்கஸும் சங்கீதமும்

ஊர்ப்புறத்து வெளியொன்றிலே சர்க்கஸ் கூடாரம் எழுந்துவிட்டால் அதனை முதலில் அறிவது கண் அன்று, காதே. மாலைக் காற்றோடு மிதந்து வரும் பாண்டு வாத்திய ஒலி, சிறுவர் மனத்தைப் பாடப்புத்தகத்தினின்றும் பிரித்து இழுத்துச் சென்றுவிடும். ஆயினும் கூடாரத்தினுள்ளே புகுந்து அமர்ந்த மறுகணமே நாம் அக்காதினை மறந்துவிடுகிறோம். வீடு திரும்பிய பின் சிங்கத்தைப் பற்றிப் பேசுவோம். அந்தரத்தில் ஊஞ்சலாடிய நங்கையைப் பற்றிப் பேசுவோம். கோமாளி விழுந்தெழுந்த விதத்தை நடித்துங் காட்டுவோம். ஒரு வித்தை முடிந்து மறுவித்தை தொடங்கும்வரை வாசித்துக்கொண்டிருந்தவர் யார், அவர் வாசித்தது யாது என்று வினவினால் விடை கூறுவோர் அரியர். அம்மறக்கப்பட்ட இசையைக் குறித்துச் சில செய்திகளை எமது வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விசை வெறும் அலங்காரமன்று. தொழிலைத் தாங்கி நிற்கும் தூண்களுள் ஒன்று. அதன் உயிரோ வாசிப்பவனுடைய கையில் மாத்திரமன்றிக் கண்ணிலும் இருக்கிறது. இவ்விரண்டுமே நாம் காட்ட விழைவன.

இன்று நாம் அறியும் சர்க்கஸின் தந்தை எனப்படுபவர் பிலிப் அஸ்ட்லி என்னும் ஆங்கிலேயர். குதிரைப்படையிற் பணியாற்றி விலகிய அவர், 1768ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையிலே குதிரையேற்றம் பயிற்றும் பள்ளியொன்றை நடத்தத் தொடங்கினார். காலையிற் பாடம், பிற்பகலிற் காட்சி. வட்டமாக ஓடும் குதிரையின் முதுகிலே நிற்பவன், அவ்வட்ட ஓட்டத்தினாற் பிறக்கும் விசையின் துணையாற் கீழே விழாது நிற்கலாம் என்பதை அவர் நன்கு பயன்படுத்திக்கொண்டார். 42 அடி விட்டமுள்ள அவ்வட்டமே பிற்காலத்திற் சர்க்கஸ் அரங்கின் பொது அளவாக நிலைபெற்றது. அக்காட்சிக்கு முதலில் வாய்த்த வாத்தியந்தான் யாது? ஒரு முரசும் ஓரிரு குழல்களுமே. முரசினை அறைந்தவர் அஸ்ட்லியின் மனைவியாரே என்பர். ஆகவே சர்க்கஸ் பிறந்த நாளிலேயே அதனுடன் இசையும் பிறந்துவிட்டது.

ஆனால் வெறுங் குதிரையோட்டத்தை எவ்வளவு நேரம் ஒருவர் பார்த்திருக்கக் கூடும்? குதிரை இளைப்பாற வேண்டும். வீரன் உடைமாற்ற வேண்டும். அவ்விடைவெளியிற் சபையோர் சலிப்புற்று எழுந்து போய்விட்டால் மறுநாள் வருவாய் குன்றிவிடும். எனவே 1770ஆம் ஆண்டை அண்டி, கயிற்றில் நடப்போர், கரணமடிப்போர், பந்து வீசிப் பிடிப்போர், கோமாளி ஆகியோரை அஸ்ட்லி கூலிக்கு அமர்த்தி, குதிரைகள் இல்லாத வேளைகளை நிரப்பினார். இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். சர்க்கஸ் என்று இன்று நாம் கூறும் கலையிற் பெரும்பகுதி, இடைவெளியை நிரப்புவதற்கென்று வந்ததே. விருந்தினராய் வந்தவர் நாளடைவில் வீட்டுக்காரர் ஆகிவிட்டனர்.

1782ஆம் ஆண்டிலே அஸ்ட்லிக்குப் போட்டியாகச் சார்ள்ஸ் ஹியூஸ் என்னும் குதிரை வீரரும், சார்ள்ஸ் டிப்டின் என்பவரும் கூடி இலண்டனில் 'றோயல் சர்க்கஸ்' என்னும் அரங்கினைத் திறந்தனர். இத்தகைய காட்சிக்குச் 'சர்க்கஸ்' என்னும் பெயர் வழங்கியது அப்பொழுதுதான். இவ்விருவருள் டிப்டின் குதிரை வீரரல்லர். பாடல்கள் பல இயற்றிப் புகழ் பெற்ற இசைப்புலவர். சர்க்கஸ் என்னும் பெயரைச் சூட்டியவருள் ஒருவர் சங்கீதக்காரர் என்பது எமது பொருளுக்கு மிகவும் இயைந்த செய்தியன்றோ?

இனி, இடைவேளைகள் ஏன் தவிர்க்க முடியாதன என்பதை நோக்குவோம். சர்க்கஸ் அரங்கிலே திரைச்சீலை இல்லை. நாடக மேடையிற் காட்சி மாறும்போது திரை விழும். உள்ளே நடப்பது எவர்க்குந் தெரியாது. வட்டரங்கிலோ நாற்புறமும் கண்கள். புலி, சிங்கங்களின் ஆட்டத்துக்கு இரும்புக் கம்பிக்கூண்டினை அரங்கைச் சுற்றிப் பூட்ட வேண்டும். முடிந்ததும் கழற்ற வேண்டும். அந்தர ஆட்டத்துக்கு வலை கட்ட வேண்டும். கயிறுகளின் இறுக்கத்தைச் சோதிக்க வேண்டும். கயிற்றில் ஒரு முடிச்சு வழுவினால் ஓர் உயிர் போகும். ஆகவே வேலையாட்களை அவசரப்படுத்தல் ஆகாது. இக்காரணத்தினாலேயே கொடிய விலங்குகளின் ஆட்டத்தைக் காட்சியின் தொடக்கத்திலோ, பெரிய இடைவேளையை ஒட்டியோ வைப்பது பழைய வழக்கம். சபையோர் வெளியே சென்று தேநீர் அருந்தி வரும் நேரத்திற் கூண்டு எழுந்துவிடும் அல்லது கழன்றுவிடும்.

சிறு இடைவெளிகளைக் காப்பவர் இருவர்: ஒருவர் கோமாளி; மற்றவர் வாத்தியக்காரர். எமது இசைநாடக மேடையிலும், காட்சி மாற்றும் வேளையிலே 'பபூன்' தோன்றி, ஆர்மோனியக்காரரோடு வம்பளந்து சபையைக் கட்டிவைப்பதை முதியோர் நினைவுகூர்வர். சர்க்கஸ் கோமாளிக்கும் நாம் 'பபூன்' என்றே பெயர் வழங்குகிறோம். பெயரும் ஒன்று, தொழிலும் ஒன்று. ஐரோப்பியக் கோமாளிகளிற் பலர் தாமே தேர்ந்த வாத்தியக்காரராகவும் விளங்கினர். சுவிற்சர்லாந்திற் பிறந்த குரொக் (1880–1959) என்பவர் இவ்வகையினருள் தலைசிறந்தவர். மிகப் பெரிய பெட்டியொன்றைச் சுமந்து வந்து, அதனுள்ளிருந்து கைக்குள் அடங்கத்தக்க வயலின் ஒன்றை எடுப்பார். பியானோவின் முன் அமர்வார். ஆசனம் தூரத்தில் இருப்பதைக் காண்பார். உடனே எழுந்து, இலகுவான ஆசனத்தை விடுத்துப் பாரமான பியானோவை ஆசனத்தை நோக்கித் தள்ளத் தொடங்குவார்! சபை வயிறு குலுங்கச் சிரிக்கும். ஆனால் ஈற்றில் அவர் வாசிக்கத் தொடங்கினால் அச்சபையே அமைதி கொள்ளும். நகைப்பின் அடியிலே உண்மையான வித்தை இருந்தமையினாலேயே அந்நகைப்பு நிலைத்தது.

அடுத்து, வாத்தியக் குழுவின் பணியை ஆராய்வோம். குதிரைகள் இசைக்கேற்ப நடனமாடுகின்றன என்று நாம் எண்ணுகிறோம். இது பெரும்பாலும் மயக்கமே. குதிரை தனக்கு இயல்பான வேகத்தில், பயிற்சியாளனின் சைகையைப் பார்த்து அடிவைக்கிறது. அதன் குளம்பினை நோக்கிக்கொண்டிருக்கும் வாத்தியத் தலைவரே தம் தாளத்தை அதற்கேற்ப விரைவாக்கியும் தாழ்த்தியும் வாசிப்பிக்கிறார். குதிரை இசையைப் பின்பற்றுவதில்லை; இசையே குதிரையைப் பின்பற்றுகிறது. யானைக்கும் அப்படியே. ஐரோப்பாவின் நிலையான சர்க்கஸ் மண்டபங்களில், ஆட்டக்காரர் நுழையும் வாயிலுக்கு மேலேயுள்ள மாடத்தில் வாத்தியக் குழுவை அமர்த்துவது வழக்கம். அரங்கு முழுவதும் தலைவரின் கண்ணுக்குப் புலனாக வேண்டும் என்பதே அதன் காரணம்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உரிய இசைவகையும் உண்டு. அணிவகுப்புக்கு நடையிசை, அந்தர ஊஞ்சலுக்கு மூன்று அடி கொண்ட வால்ஸ், குதிரைகளின் பாய்ச்சலுக்கும் ஆட்டக்காரர் விரைந்து வெளியேறுதற்கும் கலொப் என்னும் துரித கதி. 1859ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே ஜூல் லெயொத்தார் என்னும் இளைஞர் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவும் ஆட்டத்தை முதன்முதல் அரங்கேற்றினார். ஊஞ்சலின் வீச்சும் வால்ஸின் அசைவும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதைக் கேட்போர் எளிதில் உணர்வர். ஆபத்தான தாவலுக்கு முன் இன்னிசை நின்றுவிடும். சிறுமுரசு மாத்திரம் இடையறாது அதிரும். சில வேளை அதுவும் ஓய்ந்து முழு மௌனம் நிலவும். தாவியவன் மறுகையைப் பற்றிய அக்கணத்தில் எல்லா வாத்தியங்களும் ஒருங்கே முழங்கும். பிழைத்தாலோ, மீண்டும் முயலும்வரை வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்து நிற்பர். கோமாளி விழும்போது பெருமுரசு ஒருமுறை 'தொம்' என ஒலிப்பதும் பார்த்து அடிப்பதே. ஒரு விநாடி பிந்தினாற் சிரிப்பு வராது.

சர்க்கஸ் இசை என்றதும் எவர் காதிலும் ஒலிக்கும் ஒரு நடையிசை உண்டு. அதனை இயற்றியவர் யூலியஸ் பூச்சிக் என்னும் செக் நாட்டவர். ஒஸ்திரிய-ஹங்கேரியப் படையில் வாத்தியத் தலைவராய் இருந்த அவர், 1897ஆம் ஆண்டு சரயேவோ நகரில் இதனை ஆக்கி, பழைய உரோமாபுரியின் நினைவாகக் 'கிளாடியேற்றர்களின் நுழைவு' எனப் பெயரிட்டார். படைவீரர் மிடுக்காக நடப்பதற்கு ஏற்ற இசை அது. பின்னர் கனடா நாட்டவரான லோறண்டோ என்பவர் அதனைச் சிறு வாத்தியக் குழுக்களுக்கு ஏற்றவாறு அமைத்து, 'இடியும் சுவாலையும்' எனப் பொருள்படும் புதுப்பெயருடன் அமெரிக்காவில் வெளியிட்டார். சர்க்கஸ்காரர் அதனை எடுத்துக் கடுகதியில் வாசித்தனர். போர்வீரனுக்கென்று பிறந்த இசை கோமாளிக்கு உரியதாயிற்று! ஊஞ்சலாட்டத்தோடு இணைந்துவிட்ட 'அலைகளின் மேலே' என்னும் வால்ஸை 1888இல் வெளியிட்டவர் ஹுவெந்தீனோ றோசாஸ் என்னும் மெக்சிக்கோ நாட்டு இளைஞர். இருபத்தாறாவது வயதில் மறைந்தார். காள் கிங் என்பவர் தாமே சர்க்கஸ் குழுவில் வாசித்த அனுபவத்தோடு, 1913இல் பார்னம்-பெய்லி சர்க்கஸுக்கென நடையிசை ஒன்றை இயற்றினார். அதுவும் இன்றுவரை வாசிக்கப்படுகிறது.

இவ்வாத்தியக்காரரின் வாழ்வு எளிதானதன்று. முன்னாளைய அமெரிக்கச் சர்க்கஸிலே, காலையில் ஊர்வலத்தோடு வாசிக்க வேண்டும், பிற்பகற் காட்சிக்கு முன் தனிக் கச்சேரி, பின் காட்சி, மீண்டும் இரவுக் காட்சி, இரவோடிரவாகப் புகையிரதமேறி அடுத்த ஊர். ஊதி ஊதி உதடு வெடிக்கும் இத்தொழிலாளரைக் 'காற்றைத் திணிப்போர்' எனப் பொருள்படும் பரிகாசப் பெயராலே அழைத்தனர். ஊர்வலத்தின் கடைசியில், நீராவியால் ஒலிக்கும் 'கலையப்பி' என்னும் ஊதுகருவி வரும். யோசுவா ஸ்ரொடாட் என்பவர் 1855இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பல மைல் தூரம் கேட்கும் அவ்வோசை இனிமைக்காக எழுந்ததன்று. ஆட்களைக் கூட்டுதற்கு எழுந்தது.

இங்கே ஓர் அநீதியையும் மறைக்காமற் கூறல் வேண்டும். பெருங்கூடாரத்து வாத்தியக் குழுவில் வெள்ளையருக்கே நெடுங்காலம் இடமிருந்தது. கறுப்பின வாத்தியக்காரர் பக்கத்துச் சிறுகூடாரத்திலேயே வாசித்தனர். அச்சிறுகூடாரக் குழுக்களைத் தலைமை தாங்கி நடத்தியவருள் பி. ஜி. லவுறி என்னும் கோர்னெட் கலைஞர் பெரும்புகழ் பெற்றவர், 1942இல் மறைந்தார். இத்தகைய குழுக்கள் வாசித்துச் சென்ற வழியெல்லாம், றாக்ரைம் முதலிய புதிய இசைகளைச் சிற்றூர் மக்கள் கேட்டறிந்தனர். ஒதுக்கி வைத்த கூடாரத்திலிருந்தே ஒரு நாட்டின் புத்திசை பரவியது.

எமது அயல்நாடாகிய இந்தியாவிலும் சர்க்கஸும் சங்கீதமும் வியக்கத்தக்க முறையிற் சந்தித்தன. 1880ஆம் ஆண்டிலே இந்தியரின் முதற் சர்க்கஸை அமைத்த விஷ்ணுபந்த் சத்ரே, மராட்டிய நாட்டுக் குருந்துவாட் அரசரின் குதிரைலாயத் தலைவராய் இருந்தவர். அவரே குவாலியரில் ஹத்தூகான் என்னும் மேதையிடம் இந்துஸ்தானி இசையும் பயின்றார். தம் குருவின் மைந்தர் றஹிமத்கான், ஈடிணையற்ற குரல் வாய்த்தும் மனநிலை தளர்ந்து ஆதரவற்று அலைவதைச் சத்ரே கண்டார். அவரைத் தம்முடன் அழைத்து வந்து, சர்க்கஸோடு ஊர் ஊராகக் கொண்டு சென்று, கச்சேரிகள் செய்வித்துப் பேணினார். 1905இற் சத்ரே மறைந்த பின்னும், 1922இற் றஹிமத்கான் மறையும்வரை, சத்ரேயின் குடும்பத்தார் அக்கடமையை ஏற்றனர். றஹிமத்கானின் பாணியிற் பெரிதும் ஈடுபட்டவர் அப்துல் கரீம்கான். கருநாடக இசையையும் விரும்பிக் கற்ற அவர், 1937இலே புதுச்சேரிக்குச் செல்லும் வழியில், தமிழ்நாட்டுச் சிங்கப்பெருமாள்கோயில் புகையிரத நிலையத்தில் உயிர் துறந்தார். குதிரைச் சாணமும் மரத்தூளும் மணந்த ஒரு கூடாரம், குருவின் குடும்பத்துக்கு ஒரு மாணவன் செலுத்திய கடனாக, ஓர் இசைமரபைக் காத்து நின்றது. மாணாக்கர் இதனை மனத்திருத்துவாராக.

வாத்தியக்காரரின் கண் எத்துணை இன்றியமையாதது என்பதை இரு நிகழ்ச்சிகள் விளக்கும். 1942ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலே, ரிங்லிங் சகோதரர் சர்க்கஸில் 50 யானைகளும் 50 நடன மங்கையரும் சேர்ந்து ஆடும் ஆட்டமொன்று அரங்கேறியது. அதற்கு இசை இயற்றியவர் உலகப் புகழ்பெற்ற ஸ்ராவின்ஸ்கி. ஆனால் அடிக்கடி மாறும் அவரது தாளக்கட்டு யானைகளுக்கு ஒவ்வாமல் அவை நிலைகொள்ளாது தவித்தன என்பர். மேதையின் இசையாயினும், விலங்கின் நடையை அது மதிக்க வேண்டும்.

மற்றையது துயர நிகழ்ச்சி. அதே சர்க்கஸில் வாத்தியத் தலைவராய் விளங்கியவர் மேர்ல் எவன்ஸ். ஒரு கையாற் கோர்னெட்டைப் பிடித்து ஊதிக்கொண்டே மறுகையாற் குழுவை நடத்துவார். ஒரு காட்சியில் நூற்றுக்கு மேற்பட்ட தடவை இசையை மாற்றுவார். 1944ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், ஹாட்போட் நகரில் பிற்பகற் காட்சி. கூடாரத்துள் ஏறத்தாழ 7,000 பேர். விலங்காட்டம் முடிந்து, வலண்டா குடும்பத்தார் உயர் கயிற்றில் ஆட்டந் தொடங்கும் நேரம். கூடாரத் துணியின் ஓரத்திலே சிறுதீ எழுந்ததை எவன்ஸ் கண்டார். உடனே கைகாட்டி, வாசித்ததை நிறுத்தி, சூசாவின் 'நட்சத்திரங்களும் கோடுகளும்' என்னும் நடையிசையை முழக்குவித்தார். சர்க்கஸ்காரரிடையே அது சாதாரண நாளில் வாசிக்கப்படாத இசை, பேராபத்தின் குறி. சபையோருக்கு அஃது இன்னுமோர் இசை. தொழிலாளருக்கோ 'விரைந்து மக்களை வெளியேற்றுக' என்னும் கட்டளை. மழைநீர் புகாதிருக்க மெழுகைப் பெற்றோலிற் கரைத்துப் பூசியிருந்தமையால், சில நிமிடங்களிற் கூடாரம் முழுவதும் எரிந்து வீழ்ந்தது. விலங்குகள் செல்லும் கம்பிக்கூட்டுப் பாதை வாயில்களை மறித்து நின்றது. மேலே தீ, கீழே அலறல். கம்பங்கள் சரியத் தொடங்கும்வரை வாத்தியக் குழு இருக்கையை விட்டு அகலவில்லை. மாண்டோர் 167 பேருக்குக் குறையார். அவருட் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவ்விசை இல்லாதிருப்பின் இத்தொகை இன்னும் எவ்வளவோ பெருகியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அந்நாளில் அங்கே வாத்தியக் குழுவுக்குப் பதில் ஓர் ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் இருந்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்? தட்டு தன்பாட்டிற் சுழன்றுகொண்டே இருந்திருக்கும். அதற்குச் செவியின்பம் தரத் தெரியும். தீயைக் காணத் தெரியாது. ஆயினும் காலம் அத்திசையிலேயே சென்றது. 1956இல் ரிங்லிங் சர்க்கஸ் பெருங்கூடாரத்தைக் கைவிட்டு மண்டபங்களுக்குள் புகுந்தது. எவன்ஸ் 1969இல் ஓய்வு பெற்றார். உலகின் பற்பல சர்க்கஸ்களிலே, செலவைக் குறைக்கும்பொருட்டு, ஒலிப்பதிவு வாத்தியக்காரரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2017இல் மூடப்பட்ட ரிங்லிங் சர்க்கஸ், 2023இல் விலங்குகள் இன்றி மீண்டது. எனினும் மரபு முற்றாக அழிந்துவிடவில்லை. 1984இற் கனடாவிற் தோன்றிய 'சேர்க் டு சொலேய்' குழுவினர், ஆட்டக்காரரைப் பார்த்து வாசிக்கும் உயிருள்ள வாத்தியக்காரரைத் தம் காட்சிகளில் அமர்த்திப் புகழ் பெற்றனர். தாவுபவன் தாமதித்தால் இசையும் அவனுக்காகக் காத்து நிற்கும்.

எமது கல்லூரியின் இவ்விழா மலரிலே பெரும் வித்தைகள் பல பேசப்படும். அதிபர்களின் ஆட்சியும், துடுப்பாட்ட வெற்றிகளும், பரீட்சைப் பேறுகளும் இடம்பெறும். அவை இடம்பெறல் தகும். ஆனால் பாடத்துக்கும் பாடத்துக்கும் இடையே மணியடித்தவரையும், ஆய்வுகூடத்திற் குடுவைகளைக் கழுவி அடுத்த வகுப்புக்கு ஒழுங்கு செய்தவரையும், ஆசிரியர் வராத நாளில் வந்து நின்று வகுப்பைக் கலையாது காத்தவரையும் நினைப்பார் யார்? அவர்கள் இடைவெளியைக் காத்தார்கள். அதனாலேயே ஆட்டம் நடந்தது. அடுத்த முறை சர்க்கஸ் கூடாரத்திற் புகும் எமது இளைஞர், ஊஞ்சலை அண்ணாந்து பார்க்கும்போது ஒரு கணம் வாத்தியக்காரர் இருக்கும் பக்கமும் திரும்பி நோக்குவாராக. அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாராயின், அக்கூடாரத்தில் நாம் அச்சமின்றி அமரலாம்.